மிம்பரில் யார் பேச்சு?

ஜும்ஆவின் இரண்டாம் குத்பா முடியும் தறுவாயில் கதீபு ஒரு வசனம் ஓதக் கேட்டிருப்பீர்கள். நீதி செலுத்தவும், நன்மை புரியவும், உறவினருக்கு ஈயவும் அல்லாஹ் ஏவுகின்றான் என்னும் ‘அந்நஹ்ல்’ அத்தியாயத்தின் 90-வது வசனம் அது. அங்கே அது வந்து சேர்ந்த வரலாற்றை நம்மில் பலர் அறியோம்.

உமையாக்கள் ஆட்சியில் மிம்பர், அரசாங்கத்தின் வாயாகிவிட்டிருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் பெருநாள் தொழுகையை முடித்த பின்பே குத்பா நிகழ்த்தினார்கள். மதீனாவின் ஆளுநர் மர்வானோ தொழுகைக்கு முன்பே மிம்பரில் ஏறப் போனார். அபூ ஸயீதுல் குத்ரி (ரலி) அவர்கள் அவருடைய ஆடையைப் பிடித்திழுத்தார்கள். அவர் உதறிக்கொண்டு ஏறிவிட்டார். தொழுகை முடிந்தால் மக்கள் உட்கார்ந்து கேட்பதில்லையாம். அதுதான் அவர் சொன்ன காரணம்!

ஏன் கேட்கவில்லை? அக்காலத்துக் குத்பாக்களில் அலீ (ரலி) அவர்களை இகழும் வழக்கம் இருந்ததென்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். மார்க்கம் கேட்க வந்தவன் வசை கேட்க உட்காருவானா?

உமையா குடும்பத்துப் பிள்ளையான உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களும் சிறு வயதில் அதையே பேசித் திரிந்தவர்கள்தாம். ஆசிரியர் உபைதுல்லாஹ் (ரஹ்) அவர்கள் முகம் கொடுக்க மறுத்தார்கள். பத்ருப் போரில் நின்றவர்களை அல்லாஹ் பொருந்திக்கொண்ட பின் வெறுத்ததாக உனக்கு எப்போது செய்தி வந்தது என்ற கருத்தில் கேட்டார்கள். அந்தக் கேள்வி மாணவரின் நெஞ்சில் தைத்தது. ஹிஜ்ரி 99-ல் (கி.பி. 717) கலீஃபாவானதும் அவ்வழக்கத்தை நிறுத்தி, அவ்விடத்தில் இவ்வசனத்தை ஓதச் செய்தார்கள். அவர்கள் ஆண்டது இரண்டரை ஆண்டுகளே. கி.பி. 750-ல் உமையா ஆட்சியும் வீழ்ந்தது. வசனம் மட்டும் நம்மூர்ப் பள்ளி வரை வந்திருக்கிறது.

அப்படியாயின் ஆலிம்கள் அரசியலே பேசலாகாதா? தாராளமாகப் பேசலாம். அநீதியை ஆள்வோர் முகத்துக்கு நேரே சொல்வது மார்க்கக் கடமை. மிம்பரை ஒரு கட்சிக்கு இரவல் கொடுப்பது வேறு. தேர்தல் நேரத்தில் வேட்பாளர் முதல் ஸஃப்பில் வந்து அமர்வதும், அவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லும்படி இமாமுக்குச் சீட்டு வருவதும் நாம் காணாததா? சம்பளம் கொடுப்போர் நிர்வாகிகள். மறுத்தால் இமாம் வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆடையைப் பிடித்திழுத்த அபூ ஸயீது (ரலி) அவர்கள் தொழ வந்த கூட்டத்தில் ஒருவரன்றோ! அடுத்த தேர்தலுக்கு முன்பே ஜமாஅத் கூட்டத்தில் பேசி, மினிட் புத்தகத்தில் எழுதிவிட்டால் இமாமுக்கு அந்தச் சங்கடம் நேராது.