பழைய மரமும் புதுப் படலையும்



செல்வனும் இலாசரும் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமை லூக்கா நற்செய்தி 16ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பொதுக்காலம் 26ஆம் ஞாயிறன்று ஆலயங்களில் அதைக் கேட்கிறோம். அந்தச் செல்வன் செய்த குற்றம் என்னவென்று தேடிப் பாருங்கள். அவன் இலாசரை அடித்ததாக இல்லை, துரத்தியதாகவும் இல்லை. இலாசர் அவனுடைய வாயிலடியில் கிடந்தார். அவன் கிடக்க விட்டான். செத்த பிறகு ஆபிரகாமிடம் இலாசரை அனுப்பச் சொல்லிப் பேர் சொல்லியல்லவா கேட்கிறான்! ஆக, பேரும் அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

வாயில் என்றால் நமக்குப் படலை. யாழ்ப்பாணத்துப் பழைய வளவுகளின் முகப்பில் சங்கடப்படலை இருந்தது. தூண்கள் நிறுத்தி, இருபுறமும் சரியும் ஓலைக்கூரை போட்டு, உள்ளே குந்தியிருக்கச் சிறு திண்ணையும் கட்டியிருப்பார்கள். மழைக்கும் வெயிலுக்கும் வழிப்போக்கர் ஒதுங்குவார்கள். பானையில் தண்ணீரும் இருக்கும். இன்று மதிலும் இரும்புக் கேற்றும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டபின் திரும்பி வந்து இடிபாடுகளைத் துப்புரவாக்கின. வேறு ஊர்களில் பழைய நாற்சார் வீட்டைக் கழற்றிவிட்டுப் புது வீடு எழுப்புகிறார்கள். கழற்றிய பனை வளைகளும் சிலாகைகளும் வேலியோரம் கிடந்து, கடைசியில் அடுப்புக்குப் போகின்றன. பாட்டன் காலத்து வயிரம் பாய்ந்த மரத்தை எரிப்பது பெரிய வீண். அதைக்கொண்டு வாசலில் ஒரு சங்கடப்படலை போடலாமே!

வேலை தெரிந்த தச்சர் முதலில் மரத்தைத் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் உள்ளே கறையான் அரித்திருக்கும். பனையின் உறுதியெல்லாம் வெளிப்பக்கத்து வயிரத்திலேதான். நடுவிலுள்ள சோத்தியைச் சீவித் தள்ளவேண்டும். தூணின் அடியை மண்ணில் புதைக்காமல் சீமெந்துக் கட்டின்மேல் நிறுத்தினால் அது உக்காது. எல்லாவற்றிலும் மினைக்கெட்ட வேலை ஆணி பிடுங்குவது. தலை முறிந்து துருப்பிடித்த ஆணி மேலே தெரியாது. யுத்தம் நடந்த இடத்து மரமென்றால் செல் சன்னமும் உள்ளே இருக்கலாம். வாள் அதிற் பட்டால் பல் போய்விடும், சிலவேளை கையும் போய்விடும். பழைய மரம் என்றதும் மரக்காலைக்காரர் தயங்குவது இதனாலேதான்.

பழைய படலையிலும் அப்படியொரு ஆணி இருந்தது. வழிப்போக்கருக்கு நிழல் தந்ததைப் பெருமையாகச் சொல்லுகிறோம். அதே படலை சிலரை அப்பால் வரவிடாமல் நிறுத்தி வைத்ததைச் சொல்லுவதில்லை. நமக்காக வயலில் மாடாய் உழைத்தவரும் பனை ஏறியவரும் அங்கேயே நின்றார்கள். வீட்டுச் சிறுபிள்ளை தங்களை நீ என்று கூப்பிடக் கேட்டார்கள். சிரட்டையில் ஊற்றிய தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். மாலையில் முழங்காலிலிருந்து செபமாலை சொன்ன வீடுகளிலும் இதுதான் நடந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் தேநீர்க்கடை வரைக்கும் போகும். உங்கள் முற்றத்துக்குள் அது வராது. அங்கே வரவேண்டியது நற்செய்தி.

‘இப்போது அப்படியெல்லாம் இல்லையே, சுவாமி’ என்பீர்கள். கலியாணப் பேச்சு ஒன்று வீட்டுக்கு வரட்டும், பார்ப்போம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்குப் பெண் தேடும்போதுகூட முதற் கேள்வி எதுவென்று உங்களுக்கே தெரியும். பழைய மரத்தைத் திரும்ப எடுக்கிறவர்கள் இதையும் சேர்த்து நட்டுவிட்டால், கூரை எவ்வளவு அழகாயிருந்தும் அது அந்தச் செல்வனுடைய வாயிலே.

படலை முடிந்ததும் குருவானவரை அழைத்து மந்திரிப்பீர்கள், நல்லது. அன்றைக்கு மரம் அரிந்தவரையும், கிடங்கு வெட்டியவரையும் குடும்பத்தோடு வரச் சொல்லுங்கள். முன்னொரு காலம் தாய் தகப்பனை உங்கள் படலையில் நிற்கவைத்த வீட்டார் அயலில் இருந்தால், நீங்களே நடந்துபோய், அண்ணை, அக்கா என்று முறை சொல்லி அழையுங்கள். வந்தவர்களைப் புதுத் திண்ணையிலேயே இருத்திவிட வேண்டாம். விறாந்தையும் தாண்டி, நீங்கள் சாப்பிடும் மேசைக்குக் கூட்டிப்போய், சுவாமிக்குக் கொடுத்த அதே கோப்பைகளில் தேநீர் கொடுங்கள்.