சொன்னால் போதுமா?

அப்பாவின் பாதத்தில் வந்த புண் ஐந்து மாதமாக ஆறவில்லை. சர்க்கரை. ராத்திரி ராத்திரி பெங்களூரிலிருந்து போன் பண்ணி அதையே சொல்வேன்: "ரொம்ப நேரம் நிக்காதீங்கப்பா, மாத்திரையை விடாதீங்க." "சரிடா" என்பார். மறுநாளும் கடையில் நின்றுகொண்டிருப்பார். அவர் கேட்கவில்லை, நான் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அது சந்தேகமாகத் தோன்றியது, புண் எப்படி ஆறுகிறது என்று படிக்க உட்கார்ந்த பிறகுதான்.

தோல் கிழிந்ததும் ரத்தத் தட்டுகள் அங்கே கூடி, சில புரதங்களை வெளியே விடுகின்றன. இவை வளர்ச்சிக் காரணிகள். இவை தாமாக எதையும் கட்டுவதில்லை, வெறும் செய்திதான். செல்லின் சவ்வில் அதற்கென்றே இருக்கும் ஏற்பியில் போய் உட்கார்ந்தால்தான் செல் நகரும், பெருகும், கொலாஜன் சுரக்கும். ஏற்பி இல்லாத செல்லுக்கு அப்படியொரு செய்தி வந்ததே தெரியாது. இன்னொன்றும் உண்டு. செய்தி வந்ததும் செல் பல சமயம் ஏற்பியையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. விடாமல் கத்தினால் காது குறையும். (என் போன்கால்கள் ஞாபகம் வந்தன.)

ஸ்டான்லி கோஹன் இப்படியொரு காரணியைப் பிரித்தெடுத்தவர். அதைச் செலுத்திய எலிக்குட்டிகள் சீக்கிரமே கண் திறந்தன. 1986இல் ரீட்டா லெவி-மோன்டால்சினியோடு நோபல் பரிசு பெற்றார். அப்படியானால் ஆறாத புண்ணில் காரணியைத் தடவிவிட்டால் என்ன? எந்த இன்ஜினியரும் இப்படித்தான் யோசிப்பான். 1997இல் அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்கு அப்படியொரு ஜெல் அனுமதி பெற்றது. பலன் உண்டு, அற்புதம் இல்லை. நாள்பட்ட புண்ணில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் மண்டிக் கிடக்கின்றன. செய்தியை வழியிலேயே வெட்டிவிடும். அதனால் ஜெல் தடவினாலும் செத்த சதையை நீக்க வேண்டும், பாதத்தின் மேல் விழும் பாரத்தை இறக்க வேண்டும்.

பாரம் என்ற சொல்லில் நின்றுவிட்டேன். கடையில் முன்பு ஓர் ஆள் இருந்தார். நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அவரை நிறுத்தினார்கள். அந்தச் சம்பளம் என் ஃபீஸானது.

செல்லுக்கு விருப்பம் கிடையாது, அப்பாவுக்கு உண்டு. ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பிடிவாதம் அவருடையதுதான், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் ஐந்து மாதமாக நான் அனுப்பியது செய்தி மட்டும்.

இப்போது கடைக்கு ஒரு பையன் வருகிறான், சம்பளம் நான் அனுப்புகிறேன். போன வாரம் அப்பா வாட்ஸப்பில் புண்ணைப் படமெடுத்து அனுப்பினார். ஓரத்தில் மெல்லிய இளஞ்சிவப்பு. கீழே ஒரு வரி: பையன் சில்லறை தப்பா குடுக்கிறான்.