செய்குன்றும் மெய்க்குன்றும்

இயற்கையைப் போலச் செய்தல் குற்றமா? வினா பழையது. ஆயினும் நம் நாட்டின் புதிய குடியிருப்புகளில் செல்வர் வீடுகளின் பின்புறத்தைக் காணுங்கால் அது மீண்டும் புதிதாக எழுகின்றது. முன்னாளில் அவ்வீடுகளின் நீச்சற்குளம் நீள்சதுரமாய், நீல ஓடு பதித்து, தான் ஒரு தொட்டி என்பதை மறையாது கிடந்தது. இந்நாளில் பல குளங்கள் மலைச்சுனையின் வேடம் பூண்டுவிட்டன. கரை வளைந்து நெளிகின்றது. கரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. அவற்றின் இடுக்கிலிருந்து அருவி விழுகின்றது. அருகிற் சென்று பாறையை விரலால் தட்டினால் மட்டும் உள்ளே வெறுமை ஒலிக்கின்றது.

அப்பாறை பிறக்கும் முறை அறியத்தக்கது. முதலில் இரும்புக் கம்பிகளை வளைத்து ஒரு கூடு கட்டுவர். கூட்டின்மேல் கம்பி வலையைப் போர்த்துவர். அதன்மேல் சிமெண்டுக் கலவையைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சி அடித்து, அது இறுகுமுன் கரண்டியாலும் தூரிகையாலும் பிளவுகளையும் வரிகளையும் செதுக்குவர். மற்றொரு முறையும் உண்டு. காட்டிலுள்ள மெய்யான பாறைமீது இரப்பர்ப் பாலைப் பலமுறை பூசி, உலர்ந்தபின் உரித்தெடுத்தால் பாறையின் முகம் முழுதும் அச்சாகக் கிடைக்கும். அவ்வச்சில் சிமெண்டை வார்ப்பர். (நம் பாட்டன்மார் விடியலில் பால்மரம் வெட்டிச் சேர்த்த அதே பால், இன்று பாறைக்கு முகமூடி எடுக்கவும் உதவுகின்றது.) இறுதியில் இரும்புத் துருவின் செம்மையும், பாசியின் பசுமையும், நீர்க்கறையின் கருமையும் சாயங்களால் ஏற்றப்பெறும். அருவிக்கு வேண்டியது மறைவான ஓர் இறைப்பி மட்டுமே. குளத்து நீரையே உறிஞ்சி மேலேற்றி, மீண்டும் குளத்திலேயே விழச் செய்கின்றது அது. விசையை அழுத்தினால் அருவி. மீண்டும் அழுத்தினால் அமைதி.

கலவையைப் பீய்ச்சும் பொறியைப் படைத்தவர் ஒரு கட்டடக்காரர் அல்லர் என்பது பலர் அறியாத செய்தி. சிகாகோ நகர அருங்காட்சியகத்தில், இறந்த விலங்குகளின் தோலைப் பாடம் செய்து உயிருள்ளவை போல் நிறுத்தும் பணியிலிருந்த கார்ல் ஏக்லி என்பவரே அவர். உதிர்ந்து கொண்டிருந்த அருங்காட்சியகச் சுவரைச் செப்பனிட அவர் அமைத்த பொறிக்கு 1911இல் காப்புரிமை கிடைத்தது. உயிரற்றதை உயிருள்ளதாய்க் காட்டிய கைகளிலிருந்தே, மலையற்ற இடத்தில் மலையைக் காட்டும் கருவியும் வந்தது.

இக்கலை மேனாட்டாரின் புதுமை என்று எண்ணுவோர் மணிமேகலையின் பத்தொன்பதாம் காதையைப் புரட்டிப் பார்க்க வேண்டும். சோழ மன்னன் உலாவிய பூஞ்சோலையில் பொறி பொருத்திய கிணறும், கல்லடுக்கிய குன்றும், வந்து விழும் அருவியும், நீர் மறைந்து நிற்கும் கேணியும் இருந்தனவாகச் சாத்தனார் கூறுகின்றார். இத்தகைய குன்றுக்குத் தமிழ் வைத்த பெயர் செய்குன்று. இலக்கணம் பயிலும் மாணவர் இதனை வினைத்தொகை என்பர். செய்த குன்று, செய்கின்ற குன்று, செய்யும் குன்று என முக்காலமும் விரியும். நான் வியப்பது இலக்கணத்தையன்று, அப்பெயரின் நேர்மையையே. சீனரும் தம் தோட்டத்துக் கற்குன்றைப் ‘பொய்ம்மலை’ என்று பொருள்படும் பெயராலேயே அழைக்கின்றனர். இரு பழங்குடிகளும் மலையைச் செய்தன, செய்ததை மறைக்கவில்லை.

மறைத்தால் என்னாகும் என்பதை 1790இல் வெளிவந்த தம் நூலொன்றில் செர்மானிய மெய்யியலறிஞர் இம்மானுவேல் காண்ட் ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். நாட்டுப்புறக் காற்று வாங்க வந்த விருந்தினரை மகிழ்விக்க எண்ணிய ஒரு விடுதிக்காரர், நைட்டிங்கேல் என்னும் இன்குரற் பறவை அங்கு இல்லாமையால், நாணற்குழலூதும் குறும்புச் சிறுவன் ஒருவனைப் புதரில் ஒளித்து வைத்தாராம். இசை இனித்தது. சூழ்ச்சி வெளிப்பட்ட கணமே, அதுவரை மயங்கிக் கேட்ட அதே ஒலியை எவராலும் கேட்டிருக்க முடியவில்லை. காதில் விழுந்த ஒலி மாறவில்லை. மாறியது அதன் பிறப்பைப் பற்றிய அறிவே. நெகிழி மரங்களில் என்ன குறை என்று 1973இல் மார்ட்டின் கிரீகர் ஓர் அறிவியல் இதழில் வினவினார். அழித்த நிலத்தை முன்போலவே திருத்தித் தந்தாலும் அது போலி ஓவியத்தை ஒக்கும் என 1982இல் இராபர்ட் எலியட் வாதிட்டார். பொருளின் மதிப்பில் அதன் பிறப்பு வரலாற்றுக்கும் பங்குண்டு என்பதே எலியட்டின் கருத்து.

ஆயினும் காண்டின் எடுத்துக்காட்டு நம் கொல்லைப்புற அருவிக்கு முழுதும் பொருந்துமா? பொருந்தாது என்றே கருதுகின்றேன். விடுதி விருந்தினர் ஏமாற்றப்பட்டனர். நீச்சற்குளத்து விருந்தினரோ ஏமாறுவதில்லை. நகர்நடுவே வீட்டுச் சுவருக்குள் மலையருவி பாயாது என்பதைச் சிறு குழந்தையும் அறியும். அரிச்சந்திர நாடகத்தில் மயான காண்டம் கண்டு கண்ணீர் வடிப்பவர், அரசனாக நடித்தவர் பின்னர் ஒப்பனை கலைத்துத் தேநீர் அருந்துவதைக் கண்டு சினப்பதில்லை. அறிந்தே உடன்படும் மயக்கம் கலை. சிங்கப்பூரின் ஜூரோங் பறவைப் பூங்காவில் 1971 முதல் 2023 வரை மக்கள் கண்டு களித்த 30 மீட்டர் அருவியும், 2019 முதல் சாங்கி விமான நிலையத்தை அடுத்த மாளிகையில் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீரும் எவரையும் வஞ்சித்தன என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

எனின், குற்றம் கண்ணுக்குச் செய்யும் வஞ்சனையில் இல்லை. அதனைக் கணக்கேட்டில் தேட வேண்டும். சிமெண்டு எங்கிருந்து வருகின்றது? சுண்ணாம்புக் கல்லை வெட்டி, அரைத்து, ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் சுட்டுச் செய்வது அது. பேராக் மாநிலத்தில் ஈப்போவைச் சூழ்ந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளைப் பேருந்துச் சாளரத்திலிருந்து பாராத மாணவர் நம்மிடையே குறைவு. அவற்றுள் சில பாதி உடல் இழந்து நிற்கின்றன. செமோர் அருகேயுள்ள காந்தான் மலையிலிருந்து 2014இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான சிறு நத்தை ஒன்றுக்கு, அம்மலையைச் சிமெண்டுக்காக அந்நாளில் வெட்டிவந்த நிறுவனத்தின் பெயரையே ஆய்வாளர் சூட்டினர். அந்நத்தை வாழ்வதும் மாள்வதும் யார் கையில் என்பதை அப்பெயர் ஓயாது நினைவூட்டும் அன்றோ? மெய்க்குன்றைப் பொடியாக்கி, அப்பொடியால் கொல்லையில் குன்றின் உருவம் சமைக்கின்றோம். சதுரத் தொட்டிக்கும் சிமெண்டு வேண்டும், பள்ளிக்கட்டடத்திற்கும் வேண்டும் என்று ஒருவர் மறுக்கலாம், உண்மையே. ஆனால் பள்ளிக்கட்டடம் தான் தின்ற மலையைப் போல நடிப்பதில்லை. நடிப்பு இங்கே ஒரு தீங்கைச் செய்கின்றது: மலை இன்னும் நம்மிடம் உள்ளது என்ற நிறைவை அது நெஞ்சில் ஊட்டிவிடுகின்றது.

நீரின் கணக்கும் உண்டு. உடைந்து தெறித்து விழும் நீர், அசையாது கிடக்கும் நீரினும் விரைந்து ஆவியாகும். கிள்ளான் பள்ளத்தாக்கில் 1998இன் வறட்சியில் வாளியேந்தி வரிசையில் நின்றவர்களும், 2020 செப்டம்பரில் ஆற்றுநீர் மாசுற்றதால் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் வறண்டதை நினைவில் வைத்திருப்பவர்களும் இதனைச் சிறு செய்தியாகக் கொள்ளமாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செய்குன்றில் நாம் வைத்ததன்றி வேறொன்றும் இல்லை. மெய்யருவியில் நாம் வையாதது நிறைய உண்டு, அதனாலேயே அஞ்சத்தக்கது. வானம் தெளிந்திருக்கும்போதே மேல்மலையில் பெய்த மழை திரண்டு திடீரெனப் பாய்வதை மலாய் மொழியில் ‘கெபாலா ஆயர்’ என்பர். 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் கெடாவின் ஜெராய் மலையிலிருந்து அவ்வாறு இறங்கிய வெள்ளம் உயிர்களையும் உடைமைகளையும் வாரிச் சென்றது. விசையழுத்தினால் நிற்கும் அருவியை மட்டுமே அறிந்து வளரும் குழந்தைக்கு, நிறுத்த இயலாத அருவியின் முன் அடங்கி நிற்கும் பணிவை எவர் கற்பிப்பார்?

போலச் செய்தலிலும் இருவகை உண்டு என்று இங்கே பிரித்துக் காண்பது நலம். ஒன்று தோற்றத்தால் போல்வது. மற்றது தொழிலால் போல்வது. பாறையும் அருவியும் சூழ்ந்த குளம் தோற்றத்தால் சுனை. ஆனால் குளோரின் கலந்த அந்நீரில் தலைப்பிரட்டையும் வாழாது. (பலர் குளிக்கும் நீருக்கு அம்மருந்து இன்றியமையாதது என்பதை நான் மறுக்கவில்லை.) நம் கோயில் திருக்குளத்தைப் பாருங்கள். நான்கு மூலையும் நறுக்கிய சதுரம், செதுக்கிய கற்படிகள், மனிதன் கட்டியது என்பதை ஒவ்வொரு படியும் அறிவிக்கின்றது. எனினும் மழையை ஏற்று, மீனை வளர்த்து, அண்டைக் கிணறுகளுக்கு ஊற்றளித்துத் தொழிலால் அது சுனையாகவே விளங்கியது. ஐரோப்பாவில் ஆசுத்திரிய நாட்டவர் 1980களில் தொடங்கி, மருந்திடாமல் நீர்ச்செடிகளாலும் சரளைக் கற்களாலும் தூய்மையுறும் நீச்சற்குளங்களைப் பரப்பி வருகின்றனர். இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் விருப்பம் எதுவென்பது விளங்கும்.

பாழ்பட்ட நிலத்தைத் திருத்த வரும் செய்குன்று வேறு கதை. பாரிசின் புட் ஷோமோன் பூங்கா கல்வெட்டிக் கைவிட்ட குழியில் 1867இல் குகையும் அருவியும் கொண்டு எழுந்தது; சிலாங்கூரின் சன்வே நீர்ப்பூங்கா பழைய ஈயச் சுரங்கத்தின்மேல் அமைந்தது. அங்கே மலை முன்பே போய்விட்டது.

எங்கள் பள்ளியிலும் இவ்வினா எழுந்தது. தோட்ட அழகுப் போட்டிக்காகப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் சிமெண்டு மூட்டைகளை அளித்து, அருவியுடன் குன்றமைக்க விரும்பினர். சதுரக் குளமே போதும் என்றேன். இளைய ஆசிரியை ஒருவர் எழுந்தார். “தலைமையாசிரியர் ஐயா, நம் பிள்ளைகளில் பாதிப்பேர் அடுக்குமாடியில் வாழ்பவர்கள். அருவியைப் படத்தில் மட்டுமே கண்டவர்கள். போலியாயினும் ஒன்றைக் கண்டால்தானே மெய்யைக் காணும் ஆசை பிறக்கும்?” என்றார். அதற்கு ஒரு முழு விடை இன்றுவரை என்னிடம் இல்லை. பெருங்குன்றைத் தவிர்த்து, இடுப்பளவு உயரத்தில் ஒரு சிறு குன்று எழுப்பினோம். இறைப்பியைப் பாறைக்குள் ஒளிக்காமல் கண்ணாடி மூடியிட்டு வெளியே வைத்தோம். ‘செய்குன்று’ என்று பெயர்ப்பலகை நட்டோம். வாரத்துக்கு எவ்வளவு நீர் குறைகின்றது என்பதை ஐந்தாம் ஆண்டு மாணவர் அளவுகோல் வைத்து அளந்து, வகுப்பறைக் கரும்பலகையின் மூலையில் குறித்து வருகின்றனர்.