காட்டுவழியும் கடப்பாடும்

பொழுதுபோக்கைப் பற்றிச் சிந்திப்பது சமுதாய நோக்குடைய எழுத்தாளருக்கு ஏற்ற பணியன்று எனக் கருதுவோர் நம்மிடையே உளர். நிலமற்றோரும் வேலையற்றோரும் நிறைந்த உலகில், ஒருவர் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் மரங்களிடையே நடந்து கழிப்பது நியாயமாகுமா என்பது அவர்தம் வினா. இவ்வினாவை நாம் எளிதிற் புறக்கணித்தல் கூடாது. ‘ஆகாது’ என உடனே விடை பகர்ந்துவிட்டு மனநிறைவு கொள்ளுதலும் கூடாது. பொதுப்படப் பேசுவதை விடுத்து, ஒரு நகரத்தை எடுத்துக்கொண்டு, அங்கே இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது, யாருடைய முயற்சியால் நிலைத்தது, யாருடைய இழப்பின்மேல் அமைந்தது என ஆராய்வதே முறையாகும். இவ்வாராய்ச்சிக்கு அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரம் மிகப் பொருத்தமானது.

சிட்னியின் நடுவிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் புகையிரதத்திற் சென்றால் காட்டின் வாயிலில் இறங்கலாம். வடக்கே பெரோரா, கவன். தெற்கே ஹீத்கோட், வோட்டர்போல். இந்நிலையங்களிலிருந்து சிறிது தூரம் நடந்ததுமே மணற்பாறைச் சரிவுகளும், நமது மலையகத்தார் நன்கறிந்த யூக்கலிப்டஸ் மரத்தின் நெடியும், பாறையிடுக்கில் ஓடும் சிற்றாறுகளும் எதிர்ப்படும். அங்குள்ளோர் இதனைப் ‘புஷ்’ என்பர். காலையிற் சோற்றுப் பொதியோடும் தண்ணீர்ப் போத்தலோடும் புறப்பட்டவர் மாலையில் வீடு திரும்பிவிடலாம். பல இலட்சம் மக்கள் வாழும் ஒரு பெருநகரின் அருகே இத்துணைக் காடு எஞ்சியிருப்பது வியப்பிற்குரியதே.

அது எஞ்சியமைக்குக் காரணம் யாது? ஆள்வோரின் கருணை என்று கூறிவிட இயலாது. நிலத்தின் இயல்பை நோக்கினால் உண்மை புலனாகும். நகரின் மேற்கேயுள்ள கம்பர்லாந்துச் சமவெளி களிப்பாங்கான மண்ணுடையது. பயிருக்கும் மேய்ச்சலுக்கும் உகந்தது. ஆகவே குடியேறிகள் அங்கிருந்த மரங்களை வெட்டி வயலாக்கினர். பின்னர் வயல்களை வீட்டுமனையாக்கினர். அச்சமவெளிக் காடு இன்று அழிவின் விளிம்பில் நிற்பதாகச் சட்டமே ஏற்றுக்கொண்டுள்ளது. வடக்கிலும் தெற்கிலுமுள்ள மணற்பாறை நிலமோ வளங்குன்றியது. செங்குத்தான பள்ளங்களால் வெட்டுண்டது. இலாபம் தராத நிலத்தை மூலதனம் விட்டுவைத்தது. இன்று நாம் இயற்கையின் எழில் எனப் போற்றுவது, பெரும்பாலும் பணம் தீண்ட விரும்பாத மிச்சமேயாகும்.

அம்மிச்சத்தின் ஒரு பகுதியே 1879 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அமெரிக்காவின் யெலோஸ்டோனுக்கு அடுத்தபடியாக உலகில் அமைந்த பழைய தேசியப் பூங்கா இதுவெனக் கூறுவர். 1886 இல் அதற்குப் புகையிரதப் பாதை இடப்பட்டது. 1955 இல் ‘அரச’ என்னும் அடைமொழியும் சேர்ந்தது. நெரிசல் மிக்க நகரத்து மக்களுக்கு நல்ல காற்று வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். எனினும் அதனை நிருவகித்தோர் இங்கிலாந்துக் கனவானின் தோட்டத்தையே மனத்திற் கொண்டிருந்தனர் போலும். அயல்நாட்டு மரங்களை நட்டனர்; சாவகத்து மான்களைக் கொணர்ந்து விட்டனர். அம்மான்களால் விளையும் கேடு இன்றும் தீர்ந்தபாடில்லை.

காடு இருந்தாற் போதுமா? அங்கே செல்வதற்கு ஒரு நாள் வேண்டும். அந்த நாள் எங்கிருந்து வந்தது என்பதே பலரும் கேட்க மறக்கும் வினா. 1855 இல் சிட்னியிலும் 1856 இல் மெல்பேணிலும் கற்றச்சர்கள் எட்டுமணி நேர வேலைநாளைப் போராடிப் பெற்றனர். எட்டு மணி உழைப்பு, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி உறக்கம் என்பது அவர்களது முழக்கம். எல்லாத் தொழிலாளரும் அதனைப் பெறுவதற்குப் பல தலைமுறைகள் சென்றன. சனிக்கிழமை அரைநாளும் பின்னர் முழுநாளும் சிறிது சிறிதாகவே வென்றெடுக்கப்பட்டன. நாற்பது மணி நேர வேலைவாரம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது 1948 இன் தொடக்கத்திலேதான். வேலைநாளைக் குறைத்தலே மனித சுதந்திரத்தின் அடிப்படை நிபந்தனை என மார்க்ஸ் ‘மூலதன’த்தின் மூன்றாம் பாகத்தில் வற்புறுத்தியதை ஈண்டு நினைவுகூரலாம். ஆதலின், ஞாயிற்றுக்கிழமைக் காட்டுநடையைச் சோம்பலென்று இகழ்வோர், அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பெற்றுத்தந்த தொழிலாளரையும் அறியாமலே இகழ்கின்றனர்.

ஓய்வு உரிமையெனின், அதனைப் பெற்றவர் அதைக்கொண்டு என்ன செய்தனர் என்பது அடுத்த வினா. இதற்குச் சிட்னியின் வரலாறு இரு எடுத்துக்காட்டுகளைத் தருகின்றது.

1927 இல் அங்கு ஆண்களும் பெண்களும் சேர்ந்து நடக்கும் கழகமொன்று அமைந்தது. 1931 இல் அக்கழகத்தாரும் அவர்களுக்கு முற்பட்ட மற்றொரு கழகத்தாரும் நீலமலைப் பிரதேசத்தின் குரோஸ் பள்ளத்தாக்கில் உயர்ந்து நின்ற புளூகம் மரக்காடு வெட்டப்படவிருப்பதை அறிந்தனர். குத்தகைக்காரர் அங்கே வால்நட் மரங்களை நடுவதற்கு எண்ணியிருந்தார். உலகப் பொருளாதார மந்தம் உச்சத்திலிருந்த அக்காலத்தில் 130 பவுண் திரட்டிக் குத்தகையை விலைகொடுத்துப் பெற்றனர். அடுத்த ஆண்டில் அக்காடு பொதுமக்களுக்குரிய ஒதுக்கிடமாயிற்று.

இரண்டாவது எடுத்துக்காட்டு 1971 இல் நிகழ்ந்தது. பரமற்றா ஆற்றங்கரையில், ஹன்டர்ஸ் ஹில் என்னும் வசதிபடைத்தோர் வாழும் பகுதியில், ஏறக்குறையப் பன்னிரண்டு ஏக்கர் காடு எஞ்சியிருந்தது. ‘கெலியின் புஷ்’ என்பது அதன் பெயர். வீடுகட்டி விற்கும் நிறுவனமொன்று அதனை அழிக்க முற்பட்டது. அயலிலிருந்த பதின்மூன்று பெண்கள் ஆட்சியாளரிடம் முறையிட்டும் பயனில்லாமற் போகவே, கட்டடக் கூலியாளர் சங்கத்தை நாடினர். அச்சங்கத்தின் செயலாளர் ஜக் மண்டி கொமியூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர். ஊர்மக்கள் பொதுக்கூட்டங் கூடித் தம் விருப்பத்தைத் தெரிவித்தல் வேண்டும் என்றது சங்கம். அறுநூறு பேர் கூடினர். அதன்பின் அந்நிலத்தில் வேலை செய்ய மாட்டோம் எனத் தொழிலாளர் அறிவித்தனர். ஒரு மரம் வீழ்த்தப்பட்டாலும், அதே நிறுவனத்துக்காக வேறிடத்திற் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கட்டடம் என்றென்றும் அரைகுறையாகவே நிற்கும் எனவும் எச்சரித்தனர். மரங்கள் பிழைத்தன. 1983 இல் அரசாங்கம் அந்நிலத்தைப் பொதுவுக்கு வாங்கியது.

உலகின் முதலாவது ‘பச்சைத் தடை’ எனப் பெயர்பெற்றது இதுவே. தொடர்ந்த ஆண்டுகளில் இத்தகைய நாற்பதுக்கு மேற்பட்ட தடைகள் விதிக்கப்பட்டன. ஏழைத் தொழிலாளரின் குடியிருப்புகளும் அவற்றாற் காக்கப்பட்டன. 1975 இல் அச்சங்கத்தின் தேசியத் தலைமையே மாநிலத் தலைவர்களை வெளியேற்றி இவ்வியக்கத்தை முடக்கியது என்பது வேதனைக்குரிய உண்மை.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்குமிடையே நுட்பமான வேறுபாடு உண்டு. முதலாவதில், காட்டை விரும்பியோர் உடைமைச் சட்டத்தை ஏற்று விலைகொடுத்து மீட்டனர். அவர்தம் தியாகத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், விலைகொடுக்க வல்லோர் உள்ளவிடத்து மட்டுமே அவ்வழி செல்லுபடியாகும். இரண்டாவதில், கூலியை நம்பி வாழ்வோர், எதனைக் கட்டுவது, எதனைக் கட்டாதுவிடுவது எனத் தீர்மானிக்கும் உரிமை உழைக்கும் கைகளுக்கும் உண்டு என்றனர். தாம் வாழாத ஊரின் காட்டுக்காகத் தம் வேலையைத் துறக்கத் துணிந்தனர். உழைப்பாளிக்கு வயிற்றுக் கவலையன்றி வேறு கவலை இல்லை என்போர்க்கு இது தக்க மறுமொழியாகும்.

எனினும் இங்கேயே நின்றுவிட்டால் நமது ஆராய்ச்சி பாதியிலேயே முடிந்ததாகும். விலைகொடுத்து மீட்டவரும் வேலைமறுத்துக் காத்தவரும் ஒருசேரக் கேட்கத் தவறிய கேள்வி ஒன்றுண்டு. அந்நிலம் யாரிடமிருந்து பறிக்கப்பட்டது?

சிட்னியைச் சூழ்ந்த காட்டுவழிகளில் நடப்போர் பாறைகளின்மீது திமிங்கிலம், கங்காரு, மீன், மனித உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கக் காண்பர். தாருக், தாரவல் முதலிய ஆதிக்குடி மக்களின் வாழ்வு அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றது. கரையோரங்களிற் பல தலைமுறையினர் உண்டு குவித்த சிப்பிமேடுகளைக் குடியேறிகள் சுண்ணாம்புக்காக எரித்து நகரத்தின் சுவர்களை எழுப்பினர். 1789 இல் பரவிய பெரியம்மை அம்மக்களிற் பெருந்தொகையினரைக் கொன்றது. ஆளற்ற நிலம் என்னும் சட்டப் பொய்யை அந்நாட்டின் உயர் நீதிமன்றம் நிராகரித்தது 1992 இலேதான். நீலமலையில் உல்லாசப் பயணிகள் குவியும் கட்டூம்பா நகரில், ‘கல்லி’ எனப்படும் பள்ளத்தில் வாழ்ந்த ஆதிக்குடிக் குடும்பங்கள் 1957 இல் மோட்டார்ப் பந்தயத் திடலொன்றுக்காக வெளியேற்றப்பட்டன. காட்டைக் காக்க முடிந்த சமுதாயம், காட்டுக்குரியவரைக் காக்கவில்லை.

‘மனிதர் தீண்டாத இயற்கை’ என்னும் எண்ணம் இங்கேதான் தவறாகின்றது. நமது தமிழ் மரபு இவ்விடத்தில் தெளிவான வழிகாட்டி. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அவ்வளவில் அமையாது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் எனக் கருப்பொருளையும் வகுத்தார். மக்களின் உணவையும் தொழிலையும் நீக்கிவிட்டு மரத்தையும் பறவையையும் மாத்திரம் காண்பவர் அத்திணையை முழுமையாகக் கண்டவராகார். சிட்னியின் காட்டிலும் ஆதிக்குடிகள் தீயிட்டுப் பேணிய வெளிகளும் மீன்பிடித்த கழிகளும் திணையின் பகுதிகளே.

1988 இல் வெள்ளைக் குடியேற்றத்தின் இருநூறாம் ஆண்டு நினைவாகச் சிட்னியிலிருந்து நியூகாசில் வரை ஏறக்குறைய 250 கிலோமீற்றர் நீளமான நடைபாதை திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரி 26 ஆம் நாள், பல்லாயிரம் ஆதிக்குடியினரும் அவர்தம் ஆதரவாளரும் அந்நகர வீதிகளில் எதிர்ப்பு ஊர்வலம் சென்றனர். ஒரே நிலத்தில் ஒரே நினைவையொட்டி இருவகை நடைகள்! மகிழ்ந்து நடப்பவர் மற்றைய நடையையும் அறிந்திருத்தல் கடன்.

இஃது எங்கோ தொலைவிலுள்ளோரின் பிரச்சினையன்று. 1983 இன் பின்னர் நம்மவரிற் பலர் அந்நகரிற் குடியேறினர். ஹோம்புஷ், வென்ற்வேர்த்வில், டூங்காபி முதலிய மேற்குப் பகுதிகளில் வாழ்கின்றனர். அவர்களுள் 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுத் தம் காணிகளை முள்வேலிக்கு அப்பால் நின்று நோக்கியோரும் உளர். நிலமிழந்தவர், நிலமிழந்த பிறிதோர் இனத்தின் மண்ணில் நடக்கின்றனர். அவர்கள் அறியாமையைச் சாக்காகக் கூற முடியுமா? நிலம் பறிபோதல் என்பதன் பொருளை நூலிற் படித்தறிய வேண்டிய நிலை அவர்களுக்கில்லையே.

நடக்கும் உரிமைக்கும் எல்லையுண்டு. அவுஸ்திரேலியாவின் நடுவிலுள்ள உலுரு 1985 இல் அதன் உரிமையாளரான அனங்கு மக்களிடம் மீளக் கையளிக்கப்பட்டது. தம் புனிதப் பாறையில் ஏறவேண்டாம் என நெடுங்காலம் அவர்கள் கேட்டுவந்தனர். 2019 இலேதான் ஏறுதல் தடைசெய்யப்பட்டது. தடை வருமுன்னரே கேட்டவர் சொல்லுக்கு மதிப்பளித்துக் கீழே நின்றவர்களே அறவுணர்வுடையோர் என்போம்.

ஆகவே, முதலில் எழுந்த வினாவிற்கு நமது விடை இது. காட்டுவழியில் ஒருநாள் நடத்தல் நியாயமே. ஆனால் அது கடனோடு கூடிய இன்பம். அக்கடன் மனத்தில் வருந்துவதால் தீராது. ஞாயிறன்று வேலைசெய்வோர்க்குரிய மேலதிகக் கூலியைச் சில துறைகளிற் குறைக்க 2017 இல் அந்நாட்டின் தொழில் நியாயசபை தீர்ப்பளித்தது. அத்தகைய தீர்ப்பை எதிர்த்து, கடைச் சிப்பந்தியும் விடுதிப் பணியாளும் தம் ஓய்வுநாளை இழக்காதிருக்கக் குரலெழுப்புதல் நடப்பவரின் கடமை. மரங்கள் அழிந்த மேற்குப் பகுதிகளில் எஞ்சிய காடும் அதனை அடையும் போக்குவரத்தும் பொதுவுடைமையாக நிலைக்கச் செய்வதும் கடமை. காட்டை நிருவகிக்கும் அதிகாரம் அதன் ஆதி உரிமையாளர் கைக்குத் திரும்ப வேண்டுமென்ற கோரிக்கைக்குத் துணைநிற்பதும் கடமை.

மாணவரைக் காட்டுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், மரங்களின் பெயர்களோடு இவ்வரலாற்றையும் கற்பிப்பாராக. இளைஞர் அதனை அறிந்து நடந்தால் அவர்தம் மகிழ்ச்சி குறைந்துவிடாது. அது நேர்மையான மகிழ்ச்சியாகும்.