வேகமும் ஹிம்சையும்

சென்னை மாநகரப் போக்குவரத்துப் போலீஸார் 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்த வேக வரம்புகளில், கார்களுக்கு மணிக்கு 60 கிலோமீட்டர், கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40 என்று வாகனத்துக்கு வாகனம் பிரித்துச் சொல்லிவிட்டு, குடியிருப்புப் பகுதிகளில் மட்டும் எந்த வாகனமானாலும் 30 கிலோமீட்டருக்கு மேல் போகலாகாது என்று ஒரு விதி சேர்க்கப்பட்டிருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, பகலில் 40 கிலோமீட்டரே உச்ச வேகம் என்று ஓர் அறிவிப்பு வந்து, ஊரெங்கும் ஆக்ஷேபம் கிளம்பி, அதன்பின் திருத்தி வகுக்கப்பட்ட வரம்புகள் இவை. நான் கேட்டவரையில் விவாதமெல்லாம் நாற்பதைப் பற்றியும் அறுபதைப் பற்றியுமே இருந்தது. எனக்கோ, யாரும் அதிகமாகப் பேசாத அந்த முப்பதில்தான் ஒரு பெரிய தர்ம விசாரணைக்கு இடமிருப்பதாகத் தோன்றுகிறது.

எந்தத் தெருவை எடுத்துக்கொண்டாலும், அங்கே குடியிருப்பவர்கள் வார்டு கவுன்சிலரிடம் கொடுக்கும் மனுவில் குடிநீர், குப்பை, கொசு இவற்றோடு வேகத்தடை ஒன்றும் இடம்பெறுவது வழக்கம். சில தெருக்களில், மனு என்னவாயிற்று என்று காத்திராமல், தாங்களே சிமெண்டைக் குழைத்து மேடு கட்டிவிடுவதும் உண்டு. இந்திய ரோடு காங்கிரஸ் வகுத்த முறைப்படி வேகத்தடையானது 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உடையதாய், மெல்ல ஏறி மெல்ல இறங்கும்படி அமைய வேண்டும். தெருவாசிகள் கட்டுவது வயல்வரப்பைப் போலச் செங்குத்தாக நிற்கிறது. கர்ப்பிணிகளும் முதுகுவலிக்காரர்களும் அதன்மேல் ஏறி இறங்கும்போது படும் பாடு சொல்லத் தரமன்று. குழந்தைகளைப் பற்றிய பயம் அவ்வளவு. ஆனால் அப்படி மேடு கட்டிய அதே மனிதர், மறுநாள் காலை வேறொரு பேட்டையின் தெருக்கள் வழியாக அலுவலகத்துக்கு விரைகையில், கம்பத்தின் உச்சியில் ஒரு கேமராவைக் கண்டால் மனம் கசக்கிறார். அபராதச் செய்தி செல்போனில் வந்து விழுந்தால் சர்க்கார் பிடுங்குகிறது என்கிறார். எதிரே வரும் முன்பின் அறியாத ஒருவருக்கு முகவிளக்கை இரண்டு முறை சிமிட்டி, முன்னால் போலீஸ் நிற்கிறார்கள் என்று சைகை காட்டுவதைப் பரோபகாரம் என்றே கருதுகிறார்.

இதைக் கபடம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. தம் தெருவில் அவர் தகப்பனாராக நிற்கிறார், பிறர் தெருவில் வாகனமோட்டியாகப் போகிறார்; இரண்டு நிலைகளிலும் அவர் உண்மையாகவே பேசுகிறார். “யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லையே, பின் நான் செய்த குற்றம்தான் என்ன?” என்று அவர் கேட்கும் கேள்வி மனப்பூர்வமானது. அதற்கு மனப்பூர்வமான பதில் ஒன்றை நாம் தேடியாக வேண்டும்.

முதலில் முப்பது என்பது என்னவென்று பார்ப்போம். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடியில் எட்டு மீட்டருக்குச் சற்று அதிகமாகக் கடக்கிறது. 60ல் போவது பதினாறு மீட்டருக்கும் மேல். வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது என்பது பள்ளிக்கூடப் பௌதிகம். மனிதனின் எலும்புக்கூடு, ஓடி வந்து சுவரில் மோதினால் தாங்கும் அளவுக்குப் படைக்கப்பட்டதேயன்றி அதற்கு மேற்பட்ட வேகத்துக்குப் படைக்கப்பட்டதன்று. 2020ல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலக நாடுகளின் மாநாடு, மனிதரும் வாகனமும் கலந்து புழங்கும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்ச வரம்பாக இருக்கட்டும் என்று பிரகடனம் செய்ததற்கு இதுவே ஆதாரம். இதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? அரை கிலோமீட்டர் நீளமுள்ள தெருவை முப்பதில் கடக்க அறுபது விநாடி; ஐம்பதில் கடக்க முப்பத்தாறு விநாடி. மிச்சமாகும் இருபத்துநான்கு விநாடியும் பெரும்பாலும் தெருக்கோடியில் பிரதான சாலைக்குள் நுழையக் காத்திருப்பதிலேயே கரைந்துபோகும்.

நம் ஊர்த் தெரு வெறும் வழியன்று. அது வீட்டின் வெளிமுற்றம். மார்கழி மாதத்தில் பொழுது விடியுமுன் ஒரு பெண் வாசல் தெளித்துக் கோலமிடுவதைப் பார்த்தால் இது விளங்கும். புள்ளிகளை வைத்துவிட்டு, மாவை விரல்களுக்கிடையே மெல்ல நழுவவிட்டு இழை இழுத்துக்கொண்டே, கோலம் பெரிதாகப் பெரிதாக ஓரோர் அடியாகப் பின்னுக்கு நகர்ந்து அவள் தெருவின் நடுப்பகுதிக்கே வந்துவிடுகிறாள். கண் புள்ளியில் இருக்கிறது, குனிந்த முதுகு வீதியை நோக்கி இருக்கிறது. அந்த முதுகுக்குப் பின்னால் யார் வருவார், எப்படி வருவார் என்று அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் கோலம் அமையாது. வருகிறவன் பார்த்து வருவான் என்ற நம்பிக்கையில்தான் அவள் குனிகிறாள். அந்தத் தெருவில் ஐம்பது கிலோமீட்டரில் புகுந்து வருகிறவன் அவளைத் தொடாமலே போய்விடலாம்; ஆயினும் அவள் தன்மேல் வைத்த நம்பிக்கையை அவளுக்குத் தெரியாமல் பணயம் வைத்து ஆடிவிட்டே போகிறான். ஆட்டத்தில் இன்று ஜெயித்துவிட்டான் என்பதால், பிறருடைய உயிரைப் பணயம் வைக்க அவனுக்கு உரிமை இருந்ததாக ஆகுமா?

இந்த விஷயத்தில் ஜைன முனிவர்களைப்போல ஆழ்ந்து ஆராய்ந்தவர்கள் இந்த நாட்டில் வேறு யாரும் இல்லை. உமாஸ்வாதி தமது தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறும்போது, துவேஷத்தையோ கொல்லும் எண்ணத்தையோ முதன்மையாகச் சொல்லாமல், பிரமாதத்தை, அதாவது கவனமின்மையை, முன்னிறுத்துகிறார். கவனமற்ற செயலால் உயிருக்கு நேரும் கேடே ஹிம்சை என்பது அவர் சித்தாந்தம். அதையொட்டி அம்முனிவர்கள் கைக்கொள்ளும் ஒழுக்கங்களில் ஒன்று ஈர்யா சமிதி: நடக்கும்போது முன்னே ஒரு நுகத்தடியளவு நிலத்தைக் கண்ணால் துழாவி, அங்கே எந்த ஜீவனும் இல்லையென்று கண்டபிறகே அடியெடுத்து வைப்பது. தமிழ் வாசகருக்கு இது அந்நியமான செய்தியன்று. கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாகப் புகாரிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட கவுந்தியடிகள், வயல்வழியே போனால் காலடியில் நத்தையும் நண்டும் நசுங்க நேருமே என்று கவலைப்பட்டதை இளங்கோவடிகள் எழுதி வைத்திருக்கிறார். பார்வை எட்டும் தூரத்துக்குள் நின்றுவிடக்கூடிய வேகத்தில்தான் செல்ல வேண்டும் என்று இன்றைய சாலைப் பொறியாளர்கள் சொல்லும் இலக்கணமும் அந்த நுகத்தடிக் கணக்கும் ஒன்றேயல்லவா? கவுந்தி நடந்து போனார். நாம் ஒரு டன் இரும்பைச் செலுத்திக்கொண்டு போகிறோம். நம்முடைய நுகத்தடி அதற்கேற்ப நீள வேண்டும், அல்லது நம் வேகம் குறைய வேண்டும்.

வேகத்தைப் பற்றிய வழக்கொன்று நம் புராணத்திலேயே விசாரிக்கப்பட்டிருக்கிறது. திருவாரூர் வீதியில் அரசகுமாரன் தேர் ஓட்டிச் சென்றபோது ஒரு பசுங்கன்று சக்கரத்தில் அகப்பட்டு மாண்டதும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததும், மனுநீதிச் சோழன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டதும் சேக்கிழார் பெரியபுராணத்தின் தொடக்கத்தில் விரித்துரைக்கும் வரலாறு. திருவாரூர்க் கோயிலுக்கருகே நிற்கும் கல்தேர் இன்றும் அதை நினைவூட்டுகிறது. அந்தத் தண்டனையை நான் இங்கே நியாயப்படுத்த வரவில்லை. என் கவனம் மந்திரிகள் பேசிய பேச்சின்மேல். கன்று தானாக வந்து புகுந்தது, இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை, பசுவதைக்குச் சாஸ்திரம் விதித்த பிராயச்சித்தத்தைச் செய்துவிட்டால் போதும் என்பது அவர்கள் வாதம். இன்றைக்கும் விபத்து நடந்த தெருமுனையில் நின்று கேட்டால், குழந்தை திடீரென்று குறுக்கே வந்துவிட்டது, அவர் என்ன செய்வார் என்ற அதே வாதம்தான் கேட்கிறது. குழந்தைகளும் கன்றுகளும் திடீரென்று குறுக்கே வருவது அவற்றின் சுபாவம்; அந்தச் சுபாவம் உலகத்தில் உண்டென்று அறிந்தே வண்டியில் ஏறுகிறவன், அதைத் தனக்குச் சாதகமான சாட்சியாகக் கூப்பிட முடியாது. அரசன் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் அவனுடைய மணியும் கன்று செத்தபிறகுதான் ஒலித்தது. கதையில் சிவபெருமான் தோன்றிக் கன்றையும் மகனையும், ஆணையை நிறைவேற்ற மனமின்றி உயிர்விட்ட மந்திரியையும் எழுப்பித் தந்தார். நம் வீதிகளில் மாண்டவர் எழுவதில்லை. கன்று சாகும் முன்பே அசையும் மணி ஒன்று அமையுமானால், கம்பத்தின் மேலிருக்கும் அந்தக் கேமராவைத் தவிர வேறொன்றை என்னால் காட்ட இயலவில்லை.

இங்கே இன்னொரு ஆக்ஷேபம் எழுகிறது. அது முன்னதைவிட நுட்பமானது. கண்காணிப்புக்குப் பயந்து நடப்பது அறமாகுமா? மனம் குற்றமற்றிருப்பதையே அறத்தின் முழு உருவாகக் கண்டவர் வள்ளுவர். அப்படியிருக்க, கேமரா வரும்போது பிரேக்கை மிதித்து, அதைத் தாண்டியதும் ஆக்ஸிலரேட்டரை முறுக்குகிறவனிடம் என்ன அறம் இருக்கிறது? இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேக வரம்பு ஓட்டுகிறவனுடைய ஆத்ம சுத்திக்காக ஏற்பட்டதன்று. குறுக்கே ஓடும் சிறுமிக்கு அவனுடைய புண்ணியம் வேண்டியதில்லை, அவனுடைய முப்பது கிலோமீட்டர் வேண்டும். அதை அவன் பயத்தால் தந்தாலும் தயையால் தந்தாலும் அவள் வீடு போய்ச் சேர்வாள். மனச்சாட்சியை மட்டும் நம்பிப் பார்த்த சரித்திரமும் உண்டு. பிரிட்டனில் 1930ல் கார்களுக்கு இருந்த வேக வரம்பை அடியோடு எடுத்துவிட்டு, ஓட்டுகிறவர்களின் விவேகத்துக்கே விட்டார்கள். 1934ல் அந்நாட்டுச் சாலைகளில் 7,343 பேர் மாண்டார்கள். அடுத்த ஆண்டே ஊர்ப்பகுதிகளில் மணிக்கு 30 மைல் என்ற வரம்பு வந்தது. வேகத்தை அளக்கும் கருவியைச் செய்த மாரிஸ் கட்ஸோனிடஸ் என்னும் டச்சுக்காரர் 1953ல் மாண்டி கார்லோ கார்ப் பந்தயத்தில் வென்றவர். வளைவுகளில் தாம் இன்னும் விரைவாகத் திரும்ப முடியுமா என்று சோதிக்கவே அதை உண்டாக்கினார். வேகத்தையே உபாசித்த ஒருவர் தம்மை அளந்துகொள்ள ஒரு சாட்சி வேண்டுமென்று கருதியிருக்கிறார். நாமும் சாட்சிக்குப் புதியவர்களல்லர். காஞ்சிபுரத்தில் சித்திரகுப்தனுக்குக் கோயில் எடுத்து, சித்திரா பௌர்ணமியன்று நம் செயல்களை எழுதும் அந்தக் கணக்கனை வணங்குகிறோம். எழுதப்படுகிறோம் என்ற எண்ணம் மனிதனைச் சிறுமைப்படுத்துவதாக நம் முன்னோர் எண்ணியதில்லை.

எனினும் சித்திரகுப்தன் பொய்க்கணக்கு எழுதுவதில்லை. ஆகையால் அவனுடைய ஸ்தானத்தில் அமரும் சர்க்காருக்கும் பொறுப்பு உண்டு. தெருவின் வாயிலில் வரம்பைக் காட்டும் பலகை இல்லாமலும், இருந்த பலகை வேப்பங்கிளையில் மறைந்தும் கிடக்க, அப்பால் ஒரு கருவி மட்டும் விழித்திருக்குமானால் அது அரசநீதியாகாது, வேட்டையாகும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் செய்த திருத்தம் மின்னணுக் கண்காணிப்புக்கு வழிசெய்து, அதிவேகத்துக்கான அபராதத்தையும் கார் முதலியவற்றுக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய் வரை உயர்த்தியது. செல்வனுக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. உணவுப் பொட்டலம் கொண்டு செல்லும் இளைஞனுக்கோ ஒரு நாள் முழுவதும் வெயிலில் அலைந்து பெற்ற கூலி. அவன் நம் தெருவில் பாய்ந்து வருவதைக் கண்டு நாம் கோபிக்கிறோம். ஆனால் அவன் தன் விருப்பத்தால் மட்டும் பாய்ந்து வரவில்லை.

ஜைன ஆசிரியர்கள் ஹிம்சையைத் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ய உடன்படுதல் என்று மூன்றாக வகுத்து, மூன்றுக்கும் பாவம் உண்டென்றார்கள். இத்தனை நிமிஷத்தில் சோறு வீடு வந்து சேரும் என்று விளம்பரம் செய்கிறவர் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர். வரைபடத்தில் அந்த இளைஞனின் வண்டி அங்குலம் அங்குலமாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்து, பொறுக்கமாட்டாமல் போனை எடுத்து, “எங்கே இருக்கீங்க, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்கும் நாம் மூன்றாவது வகையிலே வருகிறோம். நாம் கேட்கும்போது அவன் யாரோ ஒருவருடைய வீட்டு வாசலைக் கடந்துகொண்டிருக்கிறான். கைப்பிடியில் ஒரு கை, காதருகே ஒரு கை. கேமரா அவனுடைய எண்பலகையை மட்டும் படம் எடுக்கிறது. அந்தப் படத்தில் விழாத நம் பங்குக்கு நாமே கணக்கு எழுத வேண்டியிருக்கிறது.