துருவும் தழும்பும்

பழையதைத் திருத்துகிறவன் எதை அகற்ற வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும்?

வாப்பாவின் பிஎஸ்ஏ பான்டம் மோட்டார் சைக்கிளை வீட்டு முற்றத்தில் கழற்றிப் பூட்டிய மாதங்களில் என்னைக் குடைந்த கேள்வி இது. அந்த வண்டியே போரின் பிள்ளைதான். இரண்டாம் உலகப் போரின் இழப்பீடாக ஜெர்மனியிடமிருந்து எடுக்கப்பட்ட டிகேடபிள்யூ ஆர்டி 125 இன் வடிவமைப்பே 1948 இல் பிரித்தானியாவில் பான்டமாக வெளிவந்தது.

வாவியின் உப்புக்காற்று பெற்றோல் தாங்கியை உள்ளே அரித்திருந்தது. அந்தத் துரு உதிர்ந்து காபரேட்டரை அடைக்கும். சுரண்டி எடுக்காமல் வண்டி ஓடாது. தாங்கியின் வெளிப்புறத்தில், வாப்பா எப்போதோ விழுந்ததில் உண்டான நெளிவு ஒன்று இருந்தது. அதை நான் நிமிர்த்தவில்லை. அது ஓட்டத்தைத் தடுக்கவில்லை.

ஊருக்கும் இக்கேள்வி உண்டு. 1990 ஆகஸ்ட் 3 அன்று தொழுகையில் நின்றவர்கள்மீது பாய்ந்த சன்னங்களின் துளைகள் காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிச் சுவரில் இன்றும் பேணப்படுகின்றன. அந்தச் சுவர்களுக்குள்ளேயே ஐவேளைத் தொழுகையும் நடக்கிறது. தழும்பு வாழ்வை நிறுத்திவிடவில்லை.

மறந்துவிடச் சொல்வோருக்கு அச்சுவரே பதில். ஆனால் அந்நினைவு, அயலூர்த் தமிழர் ஒவ்வொருவரின் முகத்தையும் கொலைகாரனின் முகமாகக் காட்டுமானால், அது தழும்பல்ல, துரு. நம்மைத்தான் உள்ளிருந்து தின்னும்.

தழும்பைப் பேணுவது கடமை. துருவைச் சுரண்டுவதும் கடமையே. பின்னதை நமக்காக வேறெவரும் செய்துதர முடியாது.