சாய்ந்த தென்னைக்கு யார் பொறுப்பு?

உங்கள் தோப்புத் தென்னை ஒன்று பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் சாய்ந்து நிற்கிறது. அந்த வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டார். "அடுத்த வெட்டுக்குப் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டீர்கள். நாளை அது காற்றில் விழுந்தால், "அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்லித் தப்பிக்க முடியுமா?

ஹனஃபி ஃபிக்ஹ் நூல்களில் சாய்ந்த சுவருக்கென்றே சட்டம் இருக்கிறது. நேராகக் கட்டிய சுவர் பிறகு சாய்ந்து, யாரும் சொல்வதற்கு முன்பே விழுந்தால் உரிமையாளர் மீது ஈடு இல்லை. பாதிக்கப்படுபவர் சொன்ன பிறகும், அவகாசம் இருந்தும் விட்டுவைத்தால் சேதத்துக்கு அவர்தான் ஈடு கொடுக்க வேண்டும். தென்னையை இதோடு வைத்துப் பாருங்கள். உங்களிடம் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது! நம் நாட்டுச் சட்டத்திலும், விழும் நிலையில் உள்ள மரத்தை அகற்ற நிர்வாக நடுவர் உத்தரவிடலாம்.

"இன்சூரன்ஸ் போட்டிருக்கிறேன்" என்கிறார் ஒருவர். அது கூடுமா என்பது தனிப் பேச்சு. கூடும் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தில் ஓடு மாற்றலாம், கீழே தூங்கும் பிள்ளைக்கு என்ன செய்வீர்கள்?

பாதையில் மக்களுக்குத் தொல்லையாக இருந்த மரத்தை வெட்டிய ஒருவரைச் சுவனத்தில் கண்டதாக நபி (ஸல்) அவர்கள் சொன்னது முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. ஜும்ஆ முடிந்ததும் மரம் வெட்டுபவருக்குப் போன் போடுங்கள். கூலியில் பாதியைப் பக்கத்து வீட்டாரிடம் கேட்காதீர்கள்.